முன்கண்ணாடியில் கீறல்... இன்சூரன்ஸா, கைக்காசா?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் வாசலில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும். தக்காளிக் கிரேடு ஏற்றி வரும் பிக்கப், சின்ன யானை வண்டிகளில் சிலவற்றின் முன்கண்ணாடியில் நட்சத்திரம் போல ஒரு புள்ளி இருக்கும். சிலவற்றில் ஒரு கீறல் இந்த முனையில் கிளம்பி அந்த முனை வரைக்கும் ஓடியிருக்கும். அதை மறைத்துக் குலதெய்வத்தின் ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார்கள். சாமி காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், கண்ணாடி மாற்றினால் எவ்வளவு ஆகுமோ, இன்சூரன்ஸில் கேட்டால் அடுத்த வருடம் என்ன ஆகுமோ என்ற குழப்பம்தான் பல வண்டிகளில் அந்த ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வியும் இதுதான். 'ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் போனபோது கல் தெறித்து, என் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன். ஆனால், கிளைம் செய்தால் நஷ்டம், பேசாமல் கைக்காசைப் போட்டு மாற்றிவிடு என்கிறார் மெக்கானிக். கிளைம் பண்ணுங்கள், அதற்குத்தானே பணம் கட்டினீர்கள் என்கிறார் ஏஜென்ட். யார் சொல்வதைக் கேட்பது?'

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். விடை அவர் கையில் இருக்கும் பாலிசித் தாளில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால், கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டுமா என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

உடையும், உதிராது

வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டுபோலப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி அப்படி உதிராது. காரணம், அது ஒரு கண்ணாடி அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியது. லேமினேட்டட் கண்ணாடி என்பார்கள். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த எடுவார் பெனடிக்டஸ் இந்த யோசனைக்கு 1909-ம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கல் பட்டால் வெளித்தகடு மட்டும் உடையும். நடுப்படலம் தாங்கிக்கொள்ளும். ஓட்டுபவர் முகத்தில் கண்ணாடித் துண்டு வந்து விழாது. இந்தியாவில் மோட்டார் வாகனங்களின் முன்கண்ணாடி இந்த வகையில்தான் இருக்க வேண்டும் என்கிறது 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்.

வெளித்தகடு மட்டும் சின்னதாகச் சேதமானால் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்ற திரவத்தைச் செலுத்தி, புற ஊதா விளக்கால் கெட்டிப்படுத்துவார்கள். அரை மணி நேர வேலை. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடிந்துவிடும். தழும்பு லேசாகத் தெரியும். ஆனால், கீறல் மேலே ஓடாது.

இதற்கு மூன்று விஷயங்கள் ஒத்துவர வேண்டும். சேதம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குள் இருக்க வேண்டும். கண்ணாடியின் ஓரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். ஓட்டுபவரின் பார்வைக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. ஓரத்திலிருந்து கிளம்பிய கீறலை எந்த ரெசினும் நிறுத்தாது. பார்வைக்கு நேரே இருந்தால், தழும்பில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்டுச் சிதறி, இரவில் கண் கூசும். அதிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

கல் பட்ட அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புள்ளியின் மேல் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டிவிட வேண்டும். தூசியும் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரெசின் பிடிக்காது. அந்தப் புள்ளியைத் துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது. மதிய வெயிலில் நின்று கொதித்துக் கிடக்கும் கண்ணாடி மேல் பம்ப்செட் தண்ணீரை அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். ஏற்கெனவே புள்ளி விழுந்த கண்ணாடியில் அப்படி அடித்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கோடாக ஓடும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏ.சி-யை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுவதிலும் இதேதான் நடக்கும். கரடுமுரடான வண்டிப் பாதையில் முழு லோடு ஏற்றிப் போனால் வண்டி முறுக்கிக்கொள்ளும். அப்போதும் கீறல் வளரும். இரண்டு நாளில் சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது, இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் ஆயிரக்கணக்கில் போய் நிற்பது இதனால்தான்.

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்றால்?

கண்ணாடி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டால், அடுத்த கேள்வி பணம்.

சட்டப்படி கட்டாயமானது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு அது ஈடு கொடுக்கும். நம் வண்டிக் கண்ணாடிக்கு ஒரு பைசா கிடைக்காது. ஊரில் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசியில்தான் சொந்தச் சேதத்துக்கு இடம் உண்டு. தாளில் 'ஓன் டேமேஜ்' அல்லது 'ஓ.டி.' என்று ஒரு பத்தி இருந்து, அதில் தொகை போட்டிருந்தால் கண்ணாடிக்குக் கேட்கலாம். கல் தெறித்தால் மட்டும்தான் என்றில்லை. தோப்பில் நிறுத்தியிருந்த வண்டி மேல் தேங்காய் விழுந்தாலும், காய்ந்த மட்டை விழுந்தாலும், சொட்டுநீர்க் குழாய்க் கட்டை ஏற்றும்போது முனை இடித்தாலும் அது விபத்துச் சேதம்தான்.

பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று. பழைய வண்டியின் பாகங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவிகிதம் கழியும். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும். ஆனால், வழக்கமான பேக்கேஜ் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவே கிடையாது. எட்டு வருட வண்டியானாலும் கண்ணாடியின் முழு விலையைக் கணக்கில் எடுப்பார்கள். 'பம்பர் டு பம்பர்' பாலிசி இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

கழிவது வேறொன்று. ஒவ்வொரு கிளைமிலும் ஒரு தொகையை வண்டிக்காரர் தன் கையிலிருந்து போட வேண்டும். 'கம்பல்சரி டிடக்டபிள்' என்று பாலிசியில் அச்சிட்டிருப்பார்கள். சொந்த உபயோகக் காராக இருந்தால், 1,500 சி.சி. வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. சரக்கு வண்டிகளுக்கு எடையைப் பொறுத்து மாறும். கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங்குக்குப் பாதிதான் கிடைக்கும்.

கணக்கு இங்கேதான் இருக்கிறது

கிளைம் செய்யாமல் ஒரு வருடம் ஓட்டினால், அடுத்த வருட ஓ.டி. பிரீமியத்தில் 20 சதவிகிதம் தள்ளுபடி. இரண்டாவது வருடமும் கிளைம் இல்லையென்றால் 25. பிறகு 35, 45, ஐந்தாவது வருடத்திலிருந்து 50 சதவிகிதம். நோ கிளைம் போனஸ், சுருக்கமாக என்.சி.பி. இடையில் ஒரே ஒரு கிளைம் செய்தாலும், அது ஐயாயிரம் ரூபாய் கண்ணாடியாக இருந்தாலும், இந்தத் தள்ளுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். மறுபடியும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

மெக்கானிக் 'நஷ்டம்' என்று சொன்னது இதைத்தான். எவ்வளவு நஷ்டம் என்பதை அவர் சொல்லவில்லை. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஐந்து வருடமாகக் கிளைமே செய்யாமல் 50 சதவிகிதத்தில் இருக்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடிக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம் ரூ.8,000 என்று வைத்துக்கொள்வோம். கிளைம் செய்தால் அடுத்த வருடம் தள்ளுபடி இல்லை, ரூ.4,000 கூடுதல். அதற்கடுத்த வருடம் 50-க்குப் பதில் 20 சதவிகிதம்தான், ரூ.2,400 கூடுதல். மூன்றாவது வருடம் ரூ.2,000, நான்காவது வருடம் ரூ.1,200, ஐந்தாவது வருடம் ரூ.400. எல்லாம் சேர்த்து ரூ.10,000. அதாவது, ஓ.டி. பிரீமியத்தில் ஒன்றேகால் மடங்கு. மாற்றுக் கூலியோடு கண்ணாடி பில் ரூ.6,000 என்றும், கழிவு போகக் கைக்கு வருவது ரூ.5,500 என்றும் வைத்தால், கிளைம் செய்வதில் ரூ.4,500 நஷ்டம். மெக்கானிக் சொன்னது சரி.

அதே கண்ணாடி, அதே பில். ஆனால், பாலிசியில் ஓ.டி. பிரீமியம் ரூ.2,500 மட்டும்தான் என்றால்? வண்டிக்கு வயதாகி மதிப்பு குறைந்திருந்தாலும், கம்பெனி தள்ளுபடி கொடுத்திருந்தாலும் இப்படிக் குறைவாக இருக்கும். அதில் ஒன்றேகால் மடங்கு ரூ.3,125. கைக்கு வருவது ரூ.5,500. இப்போது கிளைம் செய்வதில்தான் லாபம். ஏஜென்ட் சொன்னது சரி.

இதுவரை போனஸே சேராத முதல் வருட வண்டி என்றால் இழப்பு இன்னும் குறைவு. இதே முறையில் கூட்டினால், ஓ.டி. பிரீமியத்தில் பாதிதான் வரும். ரூ.8,000 பிரீமியத்துக்கு ரூ.4,000. அங்கே ரூ.5,500 பில்லுக்குக் கிளைம் செய்யலாம்.

இந்தப் பாலிசி வருடத்திலேயே வேறொரு சேதத்துக்கு ஏற்கெனவே கிளைம் செய்தாகிவிட்டது என்றால், போனஸ் போனது போனதுதான். கண்ணாடிக்குக் கைக்காசு போட வேண்டிய அவசியமே இல்லை. இதைத் தெரியாமல் 'இன்னொரு கிளைமா' என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர்.

ஒன்றேகால் மடங்கு என்பது உச்சவரம்பு. வருடா வருடம் வண்டியின் மதிப்பும் ஓ.டி. பிரீமியமும் குறைவதால் உண்மையான இழப்பு கொஞ்சம் குறையும். அடுத்த வருடமே வேறொரு பெரிய விபத்தில் கிளைம் செய்ய நேர்ந்தால், இன்று காப்பாற்றி வைத்த போனஸ் அன்று எப்படியும் போய்விடும். தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வாடகை வண்டிக்காரர் இதையும் மனதில் வைக்க வேண்டும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் ஓடும் காருக்கு முந்தைய கணக்கே போதும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பாலிசியின் கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். போனஸ் தள்ளுபடி ஓ.டி. பகுதிக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டி கட்டணம் அரசு நிர்ணயிப்பது. கிளைம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது மாறாது. 7,500 கிலோவுக்குள் மொத்த எடை கொண்ட வாடகைச் சரக்கு வண்டிக்கு 2022-ல் அறிவித்த தேர்ட் பார்ட்டி கட்டணமே ரூ.16,049. ஆகவே மொத்தத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும், அதில் ஓ.டி. சிறு பங்காக இருக்கலாம். சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டி, போனஸைப் பாதுகாக்கும் இணைப்பு வாங்கியிருப்பார்கள். அது இருந்தால் கணக்கே வேண்டாம். எத்தனை கிளைம் வரை அனுமதி என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் தகவல், பிறகு ஸ்பேனர்

கிளைம் என்று முடிவு செய்தால், கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து பதிவு எண்ணை வாங்கிவிட வேண்டும். மாற்றிவிட்டு பில்லைக் கொண்டுபோய் நீட்டினால், சேதத்தைப் பார்க்கவே இல்லையே என்று கைவிரித்துவிட வாய்ப்பு உண்டு. நம்பர் பிளேட்டும் உடைந்த கண்ணாடியும் ஒரே படத்தில் தெரியும்படி ஒன்று, கீறலைக் கிட்டத்தில் ஒன்று, உள்ளேயிருந்து ஒன்று எனப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ரூ.50,000-க்குக் குறைவான வாகனச் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் கண்ணாடிக் கிளைம்கள் பெரும்பாலும் படத்திலோ வீடியோவிலோ முடிந்துவிடுகின்றன.

கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கடையில் மாற்றினால், கழிவுத் தொகையை மட்டும் கட்டிவிட்டு வரலாம். பக்கத்து டவுன் கண்ணாடிக் கடையில் மாற்றுவதானால், கம்பெனியின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். துண்டுச் சீட்டுக்குப் பணம் வராது. காரணமில்லாமல் இழுத்தடித்தாலோ, மறுத்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கேயும் தீரவில்லை என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

கிளைம் மறுக்கப்படுவதற்குக் கண்ணாடியோடு சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த வேனில் அடுத்தவர் காய்கறியை வாடகைக்கு ஏற்றிப்போனது, எஃப்.சி. முடிந்துபோனது, ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லாதது போன்றவை. லைசென்ஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் தீர்ந்திருக்கிறது. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்குள் மொத்த எடை கொண்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

டிப்பர் லாரிக்காரரிடம் பணம் வாங்க முடியாதா என்று கேட்கலாம். லாரியின் மேலிருந்து விழுந்ததா, ரோட்டில் கிடந்த கல்லை டயர் தெறித்ததா என்று நிரூபிப்பது பெரும்பாடு. ஐயாயிரம் ரூபாய்க்காக நெடுஞ்சாலையில் லாரியைத் துரத்திப் போவது ஆபத்து. விட்டுவிடுவதே நல்லது.

'ஒரிஜினலா, லோக்கலாண்ணே?'

கண்ணாடிக் கடையில் முதல் கேள்வி இதுதான். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். வண்டிக் கம்பெனியின் பெயர் பொறித்த கண்ணாடிதான் வேண்டும் என்றில்லை. வாகனக் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் அதே தொழிற்சாலைகள் தங்கள் பெயரிலும் விற்கின்றன. கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ்.2553 என்ற எண்ணும், லேமினேட்டட் என்ற குறிப்பும் இருந்தால் வாங்கலாம். அந்த முத்திரை இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பழைய வண்டியில் கழற்றிய கண்ணாடியும் வேண்டாம். கழற்றும்போதே ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும். முகப்பில் கேமரா வைத்த புதிய கார்களில் கண்ணாடி மாற்றினால், கேமராவையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். அந்த வண்டிகளுக்கு பில் பல மடங்கு வரும் என்பதால், அங்கே பெரும்பாலும் கிளைம்தான் வழி.

பழைய ஜீப், லாரிகளில் ரப்பர் பீடிங்கில் கண்ணாடியைச் செருகியிருப்பார்கள். இப்போதைய வண்டிகளில் பாலியூரித்தேன் பசை போட்டு ஒட்டுகிறார்கள். கண்ணாடியும் கூரையும் சேர்ந்துதான் கேபினுக்குப் பலம். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. ஏர்பேக் உள்ள காரில், பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. பசை பிடிக்காத கண்ணாடி அந்த நேரத்தில் வெளியே தெறித்துவிடும். ஆகவே பசை காய எத்தனை மணி நேரம் என்று கடைக்காரரிடம் கேட்டு, அதுவரை வண்டியை எடுக்காமல் இருக்க வேண்டும். பசைக்குப் பசை இது மாறும். அன்று முழுக்கக் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது. சந்தை நாளுக்கு முதல் நாள் மாலையில் கண்ணாடி மாற்றப் போனால் இதெல்லாம் நடக்காது. லோடு இல்லாத நாளாகப் பார்த்துப் போவதே சரி.

ஃபாஸ்டாக் விஷயத்தைப் பலர் டோல்கேட்டில்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். பழைய கண்ணாடியிலிருந்து உரித்தால் அது செயலிழந்துவிடும். உரித்ததைக் கையில் பிடித்துக் காட்டினாலும் ஏற்க மாட்டார்கள். கண்ணாடியில் ஒட்டாத ஃபாஸ்டாக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்போவதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது. கண்ணாடி மாற்றப்போகும்போதே ஃபாஸ்டாக் கொடுத்த வங்கிக்குச் சொல்லி மாற்று வாங்கிவிட வேண்டும். பழைய கணக்கில் இருக்கும் பணம் எங்கும் போகாது.

புதுக் கண்ணாடியின் மேற்பகுதியில் 'அன்னை தந்தை ஆசி' என்று முன்புபோலவே அகலமாக எழுதி ஒட்டக் கை பரபரக்கும். முன்கண்ணாடி வழியாக 70 சதவிகித வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது விதி. கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசியைப் பின்கதவில் எழுதிக்கொள்ளலாம்.

கண்ணாடியோடு சேர்த்து வைப்பர் ரப்பரையும் மாற்றிவிட வேண்டும். செம்மண் புழுதியில் ஓடிய பழைய ரப்பருக்குள் மண் துகள் புதைந்திருக்கும். அதே ரப்பரில் புதுக் கண்ணாடியைத் துடைத்தால், முதல் மழையிலேயே வில் போல ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கு ரெசினும் கிடையாது, கிளைமும் கிடையாது.